மரத்தில் தொங்கிய வகுப்பு

அன்று காலை வகுப்பில் நான் இருந்தேன், முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் இல்லை. அவளுக்கும் வந்ததாகத்தான் குறித்திருந்தேன்.

கொரோனாவால் பள்ளி மூடியிருந்த சமயம். போடியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் பதிவேட்டில் ஏறிய முதல் பெயர் என்னுடையது. அதனாலோ என்னவோ, பதிவேட்டின் மேல் எனக்கு அப்படியொரு நம்பிக்கை. அப்பாக்களோடு போன்களும் வேலைக்குப் போய்விடும் என்பதால் போன் வழி வகுப்பு ஏழரைக்கே தொடங்கும். டேட்டா தீர்ந்துவிடுமே என்று கேமராவை அணைக்கச் சொன்னதும் நான்தான்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்த அந்தப் பெண்தான் தினமும் முதலில் "உள்ளேன் ஐயா" சொல்வாள். அன்று அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். யாரோ நடந்து வரும் சத்தம். பிறகு அவள் அம்மாவின் குரல்.

"சார், அவ காய் எடுக்கப் போயிட்டா. சிக்னலுக்காகப் போனை மரத்துல தொங்கவிட்டுருக்கோம். நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

"அவ இல்லாம யாருக்குக்கா நடத்துறது?"

"அதான் பேரு கூப்பிட்டப்ப இருந்தாளே சார்!"

ஒரு பையன் சும்மா இருக்கவில்லை. "சார், இந்த வருசம் ஏலச்செடி பூராம் பாஸு சார்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் காலையில் கங்காணி பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவர்கள் உடனே அவரவர் சோலிக்குக் கலைந்துவிட வேண்டும். என் வகுப்பையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நானும் பேரைக் கூப்பிட்டதைத் தவிர வேறென்ன செய்தேன்?

மறுநாள் பேர் கூப்பிட்டதுமே, அவள் கிளம்புமுன், அவளிடம் பழைய பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் கொடுத்தேன். எங்கே தொடங்குவதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இப்படியே போனா பத்தாவதைத் தாண்ட மாட்டாக்கா" என்றேன் அம்மாவிடம்.

"எட்டு மணிக்குக் காட்டுல நிக்கலைன்னா அவளுக்கு அரைநாள் சம்பளந்தான் சார்."

வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றலாமா என்று கேட்டேன். இருட்டினால் யானை வரும், அந்த மரத்தடிக்கு யாரும் போகமாட்டோம் என்றார். பிறகு மகளிடம் சொல்வது கேட்டது: "ஏ ஆத்தா, கூடையை வச்சுட்டு உக்காரு."

அன்றிலிருந்து கேமராவைப் போடச் சொன்னேன். ஒவ்வொருவரும் ஒரு கணக்காவது போட்டு நோட்டைக் காட்டிய பிறகுதான் பதிவேட்டைத் தொட்டேன். அவள் நோட்டில் முதல் வாரம் முழுக்கத் தப்பு. மழை நாளில் நோட்டு நனைந்து எழுத்தே தெரியாது. திரும்பவும் எழுதிக் காட்டுவாள்.

பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அன்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். மரத்தடியில் அவள் உட்கார்ந்த காலைகள் நாற்பத்தேழு. எனக்கு அது நாற்பத்தேழு நாள் வருகை. அவர்களுக்குக் கைவிட்டுப்போன நாற்பத்தேழு அரைநாள் சம்பளம்.