வெரி டைட்

எட்டு வயதில் எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. கூடவே தலையில் கொம்பும் முளைத்துவிட்டது. சான் ரமோனில் எங்கள் அபார்ட்மெண்ட்டுக்கு நேர் கீழ்வீட்டில் அம்மாவின் தங்கை, என் சித்தி, குடியிருந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான். இங்கிலீஷ் என்றால் அவளுக்கு உதறல். கடையிலும் போனிலும் நான்தான் அவளுக்கு வாய். "வக்கீலம்மா வந்தாச்சா?" என்று சித்தப்பா கேட்கும்போது எனக்குப் பெருமை தாங்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் மட்டும் என்னிடம் கிடையாது. எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். ஒருநாள் சோடா உப்பு கேட்ட சித்திக்கு, சோடாவும் உப்பும் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் நிறைமாதம்.

பிறக்கப்போவது பையன் என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். "இருக்கட்டும், அடுத்தது உன்னை மாதிரி ஒரு வாயாடிப் பொண்ணு" என்பாள் சித்தி. எனக்குச் சின்னதாகிப்போன கவுன், பாவாடை எல்லாவற்றையும் துவைத்து மடித்து, ஒரு நீலச் சூட்கேஸில் அந்தப் பெண்ணுக்காகச் சேர்த்துவைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் மலையைத் தாண்டி லிவர்மோர் கோயிலுக்குப் போவோம். அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று வழியெல்லாம் எனக்கும் அவளுக்கும் சண்டை. அந்தக் காரை நினைத்தால் இன்றும் எனக்குப் புளியோதரை வாசனை வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

ஒரு மத்தியானம் வலி எடுத்துவிட்டது. சித்தப்பா வெளியூரில். அம்மாதான் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். சித்தியைப் படுக்கவைத்ததும், "டேகேர் மூடறதுக்குள்ள தம்பியைக் கூட்டிட்டு வந்துடறேன். சித்தி பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் போன பிறகு திடீரென்று ஒரே பரபரப்பு. ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்கவேண்டுமாம். நர்ஸ் ஒரு கத்தைத் தாள்களோடு வந்தாள். சித்தியின் கையில் ஏற்றியிருந்த சலைன் குழாயோ, டேப் பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அதுதான் அவளுடைய பெரிய புகார்.

சித்திக்கு ட்யூப்ஸை டைட் செய்ய விருப்பமா என்று கேட்கும்படி நர்ஸ் என்னிடம் சொன்னாள். இங்கிலீஷில் கட்டுவதும் இறுக்குவதும் வேறு வேறு. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒரே டைட்தான்.

"சித்தி, ட்யூபை டைட் பண்ணணுமான்னு கேக்கறாங்க."

"ஐயோ, நல்லா பண்ணச் சொல்லுடி. கழண்டு கழண்டு வருது."

"யெஸ்," என்றேன் நர்ஸிடம். "வெரி டைட்."

நர்ஸ் சிரித்தாள். காட்டிய இடத்திலெல்லாம் சித்தி தமிழில் கையெழுத்துப் போட்டாள். அம்மா வரட்டும் என்றோ, இது குழந்தையிடம் கேட்கிற கேள்வியா என்றோ அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு ஒரு லாலிபாப் கிடைத்தது.

பையன் நன்றாகப் பிறந்தான். அதற்குப் பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடவில்லை. "அடுத்தது எப்போ?" என்று கோயிலில் ஆன்ட்டிகள் கேட்பார்கள். சித்தி சிரித்துவைப்பாள். சூட்கேஸ் மூடமுடியாதபடி நிரம்பிவிட்டது.

கடைசியில் வேறொரு டாக்டரிடம் போனார்கள். முதல் பிரசவத்தின்போதே, இனி குழந்தை உண்டாகாதபடி சித்தியின் கருக்குழாயைக் கட்டிவிட்டிருந்தார்கள். பழைய ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அவள் கையெழுத்தைக் காட்டினார்களாம். எட்டு வயதுப் பிள்ளையின் வாயை நம்பி ஒருத்தியின் வயிற்றை மூடிவிட்டு, கையெழுத்தையா காட்டுவது? நினைத்தால் இன்றும் எனக்கு வயிறெரிகிறது. ஆனால் இந்த விவரமெல்லாம் காலேஜ் போகும் வயதில் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று கீழ்வீட்டு வாசலில் நின்ற எனக்கு ஆஸ்பத்திரி, கையெழுத்து என்ற இரண்டு வார்த்தைகள்தான் காதில் விழுந்தன.

"யாரு உனக்கு எடுத்துச் சொன்னது?" என்று சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார்.

"இவளை உன்கூட விட்டுட்டுத்தானே போனேன்?" என்று அம்மா என் பக்கம் திரும்பினாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். "இவ வெளிய டிவி பாத்துட்டு இருந்தா. நானேதான் புரியாம தலையாட்டிட்டேன்."

டிவி பார்த்துக்கொண்டிருந்தேனாம்! அன்றே சித்தியோடு டூ விட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காரில் என் பக்கத்தில் அந்த நீலச் சூட்கேஸ் இருந்தது. கோயிலில் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாளாம். முன் சீட்டிலிருந்து புளியோதரை டப்பாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"என்னடி கோபம்?"

"நீ பொய் சொன்ன. நான்தானே எல்லாம் கேட்டுச் சொன்னேன்?"

"ஆமா," என்றாள் சித்தி, மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லாத. நீயும் மறந்துடு."

அவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசிக் காரியத்தை முடித்துக் கொடுத்தவள் நான். அந்த நல்ல பெயரைக்கூட எனக்குத் தர மனசில்லையே இவளுக்கு என்று, கோயில் வரும்வரை ஜன்னலைப் பார்த்துப் பொருமிக்கொண்டே போனேன்.