விலாசம் தராத வீட்டுக்காரர்

என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் ஸ்கூட்டரின் நம்பரைப் பார்த்துவிட்டவர் அவர். சிதம்பரத்தில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய், கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து வந்த பெரியவர் என்னைத் தாண்டிப் போய், வண்டிக்குப் பின்னால் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நம்பர் பிளேட்டைப் படித்தார். அதன் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "முப்பத்தொண்ணா? கடலூரு வண்டி. இங்க என்னா வேல?" என்றார். வீடு கேட்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிச்சல் வந்தது. ஆனால் தனியாக வருகிற பெண்ணுக்கு வீடு கொடுக்க யாருக்கும் மனம் வராமல், நான் தெருத் தெருவாக அலைந்து சலித்திருந்த நேரம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலை எடைமேடையில் காலம் முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. கரும்பு ஏற்றி வரும் டிராக்டரில் முதலில் நம்பரைப் பார்க்க வேண்டும், பிறகு பாரத்தை, கடைசியில்தான் ஓட்டி வந்தவன் முகத்தை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. "கரும்புக் கட்டுக்குள்ள கல்ல வெச்சிக் கட்டிக்கினு வருவான். மூஞ்சியப் பாத்தா பால் குடிக்கிற புள்ள மாரி இருக்கும்" என்பார். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். கேஸ் சிலிண்டர் வந்தால் அதன் சீலைச் சுரண்டிப் பார்ப்பார். என்னை அவர் நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நானும் அவரை நம்பவில்லை. ஆனாலும் அவரை மாமா என்றும், காது மந்தமான அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டேன்.

வாடகை பேசிய அன்றே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரேஷன் கார்டு, கேஸ் புக்கு, லைசென்ஸு, ஆர்சி புக்கு, எதுலயும் இந்த ஊட்டு நம்பர் வரக்கூடாது. அக்ரிமெண்டு, கையெழுத்துன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது." முன்பு குடியிருந்தவர் ஒருவர் ரேஷன் கார்டை இந்த வீட்டு விலாசத்துக்கு மாற்றிக்கொண்டு, காலி பண்ணச் சொன்னபோது அந்தக் கார்டையே காட்டி வழக்குப் போட்டுவிட்டாராம். வழக்கு முடிவதற்குள் மாமாவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்கள் பலருக்கு இந்தப் பயம் உண்டு. வீட்டைக் கொடுப்பார்கள், விலாசத்தைக் கொடுக்க மாட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு குரல் கேட்டது: கையெழுத்துப் போட இவ்வளவு பயப்படுகிற மனிதர் எதையோ மறைக்கிறார்.

நானும்தான் மறைத்தேன். வேலை மாறி வந்ததாக அவரிடம் சொன்னேன். உண்மையில் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து, இனி அடி வாங்க முடியாது என்று இரண்டு பையையும் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தவள் நான். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவர வேண்டும். வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. லைசென்ஸ் வேறு முடியப் போகிறது, புதுப்பித்துக் கொண்டுவந்து காட்டு என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று புருஷனுக்குத் தெரியக்கூடாது. அந்த நாட்களில் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

ஒருநாள் மேல வீதியில், பக்கத்தில்தானே போகிறோம் என்று ஹெல்மெட்டை வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனேன். ஓரமாக நின்ற போலீஸ்காரர் என்னை நிறுத்தக்கூட இல்லை. போனைத் தூக்கி என் வண்டியைப் படம் எடுத்தார், அவ்வளவுதான். அடுத்த திருப்பத்தில்தான் எனக்கு உறைத்தது. வண்டி என் பேரில் இருந்தாலும் ஆர்சியில் இருப்பது மஞ்சக்குப்பத்து வீட்டு விலாசம், அவனுடைய போன் நம்பர். ஷோரூமில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் அவனே எழுதிக் கொடுத்தான். அதை அக்கறை என்று நினைத்துப் பெருமைப்பட்டவள் நான். இப்போது அபராதம் பற்றிய செய்தி அவன் போனுக்குத்தான் போகும். அதில் ஊர்ப் பெயரும் இருக்கும்.

அன்று மாலையே நெட் சென்டருக்கு ஓடினேன். விலாசம் மாற்ற வேண்டும் என்றதும் அங்கிருந்த பெண் வண்டி நம்பரை அடித்துவிட்டு, "ஓடிபி வரும், சொல்லுங்கக்கா" என்று பொத்தானை அழுத்தப் போனாள். அவள் கையைப் பிடித்துவிட்டேன். அதுவும் அவன் போனுக்குத்தானே போகும். மறுநாள் ஆர்டிஓ ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்டேன். போன் நம்பர், விலாசம், லைசென்ஸ் எல்லாவற்றையும் மாற்றலாம், ஆனால் இப்போது குடியிருக்கும் இடத்துக்குச் சான்று வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் கொண்டு வா என்றார்கள். புதுக் கார்டைக் கையில் தர மாட்டார்களாம், அந்த விலாசத்துக்குத் தபாலில்தான் வருமாம். வாசலில் ஒரு புரோக்கர் யாரோ ஒருவர் வண்டியில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டே, "அட்ரஸ் ப்ரூஃப் நாமளே ரெடி பண்ணிக்கலாம்மா" என்றார். அவர் சிரித்த சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. வந்துவிட்டேன்.

மாமாவிடம் கெஞ்சினேன். வேலை போய்விடும் என்றேன். அவர் ஈசிசேரில் சாய்ந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடலூர்லதான் அட்ரஸ் இருக்குதே. அத ஏன் மாத்தற? அங்க யாரு கீறாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "யாரும் இல்லாத ஊட்டுக்குத் தபால் வந்தா உனக்கென்னா பயம்?" என்றார். கையிலிருந்த ஒப்பந்தத் தாளை மறுபடி அவர் பக்கம் நீட்டினேன். "நீ சொல்றதுல ஏதோ கொறையுது. நான் கையெழுத்துப் போட மாட்டன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். மாடிப்படி ஏறும்போது அவரை மனதாரத் திட்டினேன். திட்டி முடித்ததும் பயம் வந்தது. என்னைப் பற்றி இவ்வளவு துருவுகிறவர் யாரிடமாவது போய்ச் சொன்னால்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயம் உருவமெடுத்து வாசலில் வந்து நின்றது. மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் கீழே பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் கொழுந்தன், புருஷனின் தம்பி. போர்ட்டிகோவில் நின்ற என் வண்டியைக் காட்டி ஏதோ கேட்டான். மாமா அவனைத் துரத்தவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தோளில் கை வைத்து நெடுநேரம் பேசினார். அவன் ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதிக் கொடுக்க, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டும் வந்தார். நான் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டேன். சாயங்காலம் இறங்கிப் போய், "யாரு மாமா வந்தது?" என்று கேட்டேன். "எவனோ வாடகைக்கு ஊடு கேட்டு வந்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பொய். கண்ணால் பார்த்த பொய். அதற்குமேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அந்த வாரமே வேறு வீடு பார்த்துக் காலி செய்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் சொல்வதற்கு வடலூர், கம்மாபுரம் என்று இரண்டு மூன்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. சாவியை வாங்கி, பூட்டில் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கேட்காததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஏற்கனவே தெரிந்து வைத்திருக்கிறாரோ என்று பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன்.

புது வீட்டுக்காரம்மா பள்ளி ஆசிரியை. சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஒப்பந்தத்தை நீட்டியதும் படித்துக்கூடப் பார்க்காமல் நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரை எப்படி நம்புவது என்று அதற்கும் எனக்குத் தூக்கம் கெட்டது. மாமாவோடு இருந்து இருந்து நான் அப்படி ஆகிவிட்டேனோ என்னவோ. லைசென்ஸும் ஆர்சியும் தபாலில் வந்தன. போன் நம்பரும் என்னுடையதாக மாறியது. வேலை நிலைத்தது. ஆனாலும் தெருவில் யாராவது என் வண்டியைத் திரும்பிப் பார்த்தால் அடுத்த சந்தில் நுழைந்துவிடுவேன்.

கடலூர் கோர்ட்டில் எங்கள் வழக்கு முடிந்து விவாகரத்து கிடைத்த அன்றுதான் கொழுந்தன் வராந்தாவில் என்னோடு பேசினான். அவன் கெட்டவனில்லை, அண்ணன் ஏவியதைச் செய்பவன். "சிதம்பரத்துல ஒரு கெழவன் என்னைய நல்லா சுத்தல்ல உட்டான் அண்ணி" என்று ஆரம்பித்தான். அபராதச் செய்தி வந்ததும் அண்ணன் அனுப்பி, தெருத் தெருவாக வண்டியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். வண்டி யாருடையது என்று கேட்டதற்கு மாமா, "எம் பொண்ணோடது. செகண்ட் ஹேண்டுல வாங்கனது" என்றிருக்கிறார். வித்த பெண் எங்கே என்று கேட்டதும் அவரே இவன்மேல் பாய்ந்திருக்கிறார். "அந்தப் பொம்பளயத்தான் நாங்களும் தேடறோம். பேரு மாத்திக் குடுக்காம ஓடிட்டா. எம் பொண்ணு ஆர்டிஓ ஆபீசுக்கு நடையா நடக்குறா. உங்க ஊட்டுப் பொண்ணா அது? அப்ப நீ வந்து பதில் சொல்லு. உன் போன் நம்பர எழுது." கொழுந்தன் பயந்துபோய் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அதன் பிறகு, பேர் மாற்றக் கையெழுத்துப் போட வா என்று மாமா அடிக்கடி போன் செய்து மிரட்டியதால், இவர்கள் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லையாம்.

மாமாவுக்கு இருப்பது ஒரே மகன், சென்னையில். பெண் குழந்தையே கிடையாது. கேட்டதும் வராந்தாத் தூணில் சாய்ந்து அழுதேன். தன் அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை நீட்டினான். நான் ஒரு வார்த்தை சொல்லாமலே அவர் எல்லாவற்றையும் எடை போட்டு வைத்திருந்திருக்கிறார். ஆனால், எழுதும்போது உண்மையை எழுத வேண்டும், அந்த அழுகையின் நடுவிலேயே எனக்கு இன்னொன்றும் தோன்றியது. எனக்காகச் செய்தாரா, வாசலில் சண்டை வந்து போலீஸ் விலாசத்தை எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வீட்டுக்காகச் செய்தாரா? முதல் நாளே கையெழுத்துப் போடச் சம்மதித்திருந்தால் விலாசமும் நம்பரும் முன்பே மாறி, கொழுந்தன் வந்தே இருக்க மாட்டானே. இன்றைக்கும் எனக்கு அதில் தீர்மானமான பதில் இல்லை.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கேட்டுக்கு உள்ளேயே நின்றார். பையை வாங்கி, ஒரு பழத்தை எடுத்து நகத்தால் கீறி, மெழுகு பூசியிருக்கிறதா என்று பார்த்தார். கொழுந்தன் சொன்னதைச் சொன்னேன். "நான் எதுக்கு அப்டிச் சொல்லப் போறன்? எவன் சொன்னான்?" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, "என்னா, கோர்ட்ல சாட்சிக்கு இழுக்கப் போறியா?" என்றார். வழக்கு முடிந்துவிட்டது மாமா என்றேன். "முடிஞ்சா என்னா, அப்பீல் போவான். ஜாஸ்தி நம்பாத" என்றார். நன்றி என்ற சொல் வாய் வரை வந்தது. சொன்னால் அதையும் சுரண்டிப் பார்ப்பார் என்று விழுங்கிக்கொண்டேன்.

அதற்குள் அத்தை வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எளைச்சுட்டியே. இப்ப எங்கம்மா குடியிருக்க?" என்று சத்தமாகக் கேட்டார். புது வீடு அங்கிருந்து நாலைந்து தெரு தள்ளித்தான். தெருப் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்தேன். எனக்காக இல்லாத மகளை உண்டாக்கிச் சொன்ன மனிதர். அவரை வைத்துக்கொண்டே, "இங்கதான், பக்கத்துல அத்த" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"அதான் சரி" என்றார். "எங்ககிட்டயும் சொல்லாத."