ஏழு பங்குக்காரரின் காடு

எங்கள் காணி வேலியில் பிரதேச சபை ஒட்டிய அறிவித்தலை நான் பார்த்தது கனடா வழியாகத்தான். தொண்டைமானாற்றில் யாரோ அதைப் படம் பிடித்து ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியப்பாவின் மகனுக்கு அனுப்ப, அவர் அதை மானிப்பாயில் இருக்கும் எனக்கு அனுப்பினார். "பராமரிப்பற்ற பற்றைக்காணி. டெங்கு நுளம்பு பெருகும் அபாயம். பதினான்கு நாட்களுக்குள் துப்புரவு செய்யாவிடின் சபை காணியைப் பொறுப்பேற்கும்." வசனத்தில் பிழையில்லை. வேலைக்காலம் முழுவதும் காணிக் கந்தோரில் அரச உத்தியோகம் பார்த்தவன் நான். இதைவிட மோசமான வசனங்களுக்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே குறை, அது பற்றைக்காணி இல்லை என்பது. பாலை, வீரை, கூழா மரங்கள் தாமாக முளைத்துத் தாமாகப் பெருத்த காடு. சில பாலைகளை இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அது தப்பி நின்றதற்கு எங்கள் பாசம் காரணமில்லை. சுண்ணாம்புக்கல் வெளியே தெரிகிற நிலம், தோட்டத்துக்கு உதவாது. அதோடு பாட்டனாருக்குப் பிறகு காணி பிரிபடாமல் ஏழு பேருக்குப் பங்காகப் போனது. ஏழு பேர் சேர்ந்து ஒரு முடிவெடுத்த வரலாறு எங்கள் குடும்பத்தில் இல்லை. குடாநாட்டில் ஒரு காடு பிழைப்பதற்கு மரநேசர்கள் தேவையில்லை, ஒருவரோடொருவர் கதைக்காத உறவினர்கள் போதும்.

படம் வந்த அன்றே, அதை அனுப்பிய ரொறன்ரோ அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, மண் வழிக்கிற பெக்கோ மெஷின் வைச்சிருக்கிற ஒருத்தனோடை கதைச்சிட்டன். திங்கட்கிழமை காலமை மெஷினோடை வாறான். எல்லாத்தையும் வழிச்சுப்போட்டுத் தென்னம்பிள்ளை வைப்பம்."

"அண்ணை, அது காடு."

"ஆர் சொன்னது? நோட்டீசிலை பற்றை எண்டெல்லோ கிடக்கு."

"எழுதினவர் உள்ளுக்குப் போயிருக்க மாட்டார்."

"நீ கடைசியா எப்ப போனனி?"

ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதைச் சொல்லாமல், சபைக்கு எழுதுகிறேன் என்றேன்.

"உப்பிடித்தான் நீ. ஊராற்றை காணியெல்லாம் பார்த்தாய், எங்கடை காணியைச் சபை கொண்டு போகப்போகுது." வைத்துவிட்டார்.

அவருக்குக் காணி போய்விடும் என்று பயம். எனக்கோ, காணி இருக்கக் காடு போய்விடும் என்று பயம்.

தெரிந்ததைச் செய்தேன். சபைக்கு ஆட்சேபக் கடிதம், பதிவுத் தபாலில். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் போகும்வரை சபை காணியில் கை வைக்காது. சுகாதாரப் பரிசோதகர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். மனிதர் வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்துவிட்டு எனக்கு அழைப்பு எடுத்தார்.

"ஐயா, காட்டுக்குள்ளை தண்ணி தேங்கேல்லை. றோட்டுக் கரையிலைதான் பிரச்சினை. சனம் கொண்டுவந்து கொட்டின சிரட்டை, ரயர், யோகட் கோப்பை. அதைத் துப்புரவாக்கினால் நான் அறிக்கை தருவன்."

"இப்பவே எழுத்திலை தரலாமோ?"

"எழுத்து வர ரெண்டு கிழமை செல்லும் ஐயா."

இதே பதிலை இதே குரலில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். சபையைத் தடுத்தாயிற்று, ஆனால் பெக்கோ சபையுடையது இல்லை. அண்ணை என் அழைப்பை எடுப்பதை நிறுத்தியிருந்தார். சனி, ஞாயிறு நீதிமன்றம் இல்லை. மிச்சமிருந்தது என் மாமியின் மகள், மச்சாள். அவளும் பங்குக்காரி, காட்டுக்குப் பக்கத்து வளவில் இருப்பவள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவளுடைய தொலைபேசி இலக்கம்கூட என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, தொண்டைமானாற்றில் இறங்கி நடந்தேன். ஒழுங்கை முழுவதும் மெஷின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே போனேன். ஒன்றும் கேட்கவில்லை. முடித்துவிட்டுப் போய்விட்டானோ என்று நடையை எட்டிப் போட்டேன்.

பெக்கோ ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. நரைத்த மீசைக்காரச் சாரதி அதன் சில்லு நிழலில் குந்தியிருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காணிப் படலைக்குக் குறுக்கே பிளாஸ்ரிக் கதிரை போட்டு மச்சாள் இருந்தாள்.

"வாங்கோ அத்தான். கடதாசி கொண்டு வந்தியளோ, கதைக்க வந்தியளோ?"

"ரெண்டுக்கும்தான்."

"கடதாசி என்னட்டைக் கிடக்கு." மடியிலிருந்த பொலித்தீன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். என்னுடைய கடிதம்.

ஒன்பது வருடத்துக்கு முன் மகளின் வீட்டுக் கூரைக்கு இரண்டு பாலை தறிக்கலாமோ என்று அவள் கேட்டனுப்பினாள். நான் நேரே போய் அரைமணி நேரம் கதைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன்: "பிரிபடாத காணியொன்றில் பங்குக்காரர் ஒருவர், ஏனைய பங்குக்காரர் அனைவரினதும் எழுத்துமூலச் சம்மதமின்றி, எந்தவொரு மரத்தையும் தறிக்கவோ அகற்றவோ முடியாது." அடியில் என் பதவி முத்திரை. சொந்த மச்சாளுக்கு முத்திரை குத்திக் கடிதம் போடும் மனிதனை உருவாக்கக் கந்தோரில் பல வருடம் இருத்தவேண்டும்.

"இவருக்கு ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினன்," என்றாள் சாரதியைப் பார்த்து.

"முத்திரை குத்தின கடதாசி ஐயா," என்றார் அவர். "நான் மெஷினை இறக்கினால் பொலிஸ் என்னையெல்லோ தேடும். கனடாக்காரரையோ தேடும்?"

"உமக்கு அண்டைக்கு மரம் வேணுமெண்டு நிண்டனீர்," என்றேன் மச்சாளிடம்.

"வீடு எப்பவோ இரும்பிலை கூரை போட்டு முடிஞ்சுது. வடக்குக் காணிக்காரன் தன்ரை மரங்களை வழிச்ச பிறகு அவன்ரை கிணறு உவர் ஏறிட்டுது. என்ரை தண்ணி இன்னும் வாயிலை வைக்கலாம். எனக்கு உந்தக் காடு வேணும்." கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். "உதுக்காக உங்களைத் திட்டாத நாளில்லை. இண்டைக்கு மட்டும் விட்டிட்டன்."

"நான் அண்டைக்கு நேரிலை வந்து சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்."

மன்னிப்பு அவ்வளவோடு முடிந்தது. அவள் அண்ணைக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். அவளுடையதை அவர் எடுத்தார். தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே நடந்தாள், நான் பின்னால். சருகு கணுக்கால்வரை புதைந்தது. வெளியே இல்லாத குளிர்மை.

"பெரியத்தான், வடிவாப் பாருங்கோ. இது பற்றையோ?"

கனடாவில் அண்ணை திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "சபை எடுக்காதெண்டு தம்பி எழுதித் தருவானோ?"

"தருவார். அவருக்கு வேறை என்ன தெரியும்?"

"சரி, மெஷினைத் திருப்பச் சொல்லு."

அந்தக் கதிரையிலேயே இருந்து பங்குக்காரருக்கான உடன்படிக்கையை எழுதினேன். காணியைப் பிரிப்பதில்லை, விற்பதென்றால் முதலில் மற்றப் பங்குக்காரருக்கே, நிற்கும் மரத்தில் யாரும் கை வைப்பதில்லை. விழுந்த கொப்பு விறகுக்குத் தனக்கு என்று மச்சாள் எழுதச் சொன்னாள். பட்டமரமும் நிற்கட்டும், ஆந்தை இருக்கிறது என்றாள். மற்றவர்களுக்குக் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். அதுவரை என் பழைய முத்திரை போதும்.

சாரதி வந்த வரவை வீணாக்கவில்லை. றோட்டுக் கரைக் குப்பையை நாங்கள் பொறுக்கிக் குவிக்க, பெக்கோவின் வாளியால் அள்ளி, மச்சாள் கூப்பிட்ட லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். பிறகு ஒழுங்கையால் பின்பக்கமாகவே ஊர்ந்து போனார். அந்தச் சத்தம் பிரதான வீதியில் கரையும்வரை மச்சாளும் நானும் படலையில் நின்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நித்திரையாகிவிட்டேன். ஒரு கிழமையாகச் சரியாக உறங்கவில்லை. மானிப்பாய் தாண்டிச் சண்டிலிப்பாயில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். இறங்கி, ஒருவரிலும் பிழை பிடிக்காமல், திரும்பி நடந்தேன்.