எட்டாவது பேருக்கு வந்த பதில்

ஆசீர்வாதத்தைத் துப்பாக்கி பிடித்த கை என்று ஊரில் சொல்வார்கள். அட, அந்தாளு பட்டாளத்தில் பிடித்ததெல்லாம் பேனாதான். காலாட்படை பட்டாலியனில் கிளார்க்கு. எந்தக் கம்பெனி எந்த மலைக்கு ஏறியது, போனது எத்தனை பேர், திரும்பியது எத்தனை பேர், செத்தது யார், ஆஸ்பத்திரியில் கிடப்பது யார் என்று தினமும் சாயங்காலம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். இப்போது விருத்தாசலம் செராமிக் பேட்டையில், கக்கூஸ் பீங்கான் செய்கிற கம்பெனி கேட்டில் வாட்ச்மேன்.

கார்கில் சண்டையில் ஒருநாள் எட்டுப் பேர் ரோந்து போனார்கள். ஏழு உடல் வந்தது. எட்டாவது ஆள் பழமலைநாதன், நம்ம கம்மாபுரத்துக்காரன். பனியில் தேடித் தேடி ஓய்ந்துவிட்டார்கள். ‘காணவில்லை’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆசீர்வாதம் மூன்று நாள் தூங்காத மனுஷன். அப்படிப் போட்டால் அவனைப் பெத்தவள் சாகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பாளே என்று மனசு இளகி, ‘மரணம்’ என்று எழுதிவிட்டார். பெரிய தர்மப்பிரபு! கையெழுத்துப் போட்ட அதிகாரியும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு, அந்த எட்டுப் பேரையும் சீட்டில் எழுதிப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தார். ஊரே செத்துப்போன அப்பா அம்மா பேரை எழுதிக் கொடுக்கும். இவர் பட்டாளத்தை எழுதினார். மெழுகுவத்திகளுக்கு நடுவில் நின்று சாமியார் வாசித்தார். ஏழு பேர் வரைக்கும் சத்தமில்லை. "பழமலைநாதன்" என்றதும், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரத்திலிருந்து, பட்டாளத்து ரோல்காலில் ‘உள்ளேன் ஐயா’ என்று இந்தியில் சொல்கிற மாதிரியே ஒரு குரல்: "ஹாஜிர் சாப்!"

ஆசீர்வாதம் வெடுக்கென்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பொஞ்சாதி அருள்மேரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஏங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது, சுகர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

அடுத்த வருஷமும் அதே குரல். அதற்கடுத்த வருஷமும். செத்தவன்தானே கல்லறையில் பதில் சொல்வான், அப்போ நாம் எழுதியது சரிதான் என்று ஒரு பக்கம் நிம்மதி. உசுரோட இருக்கிறவன் கோவத்தில் கத்துகிறானோ என்று மறுபக்கம் பயம். சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு.

2003-ல் தாங்க முடியாமல் பஸ் ஏறிக் கம்மாபுரம் போய், பழமலைநாதனின் அம்மா கொளஞ்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அந்தம்மா திட்டவில்லை. "அந்தக் கொரல நான் ஒரு தடவ கேக்கணும், அழைச்சிக்கிட்டுப் போப்பா" என்றார்.

அந்த நவம்பரில் இருவரும் சுவரை ஒட்டியே நின்றார்கள். சாமியார் ஏழு பேரை வாசித்தார். எட்டாவது பேரும் வந்தது.

"ஹாஜிர் சாப்!"

சுவரோரம் இவர்களைத் தவிர ஆளில்லை. கொளஞ்சியம்மாள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"இது எம் புள்ள கொரலு இல்லப்பா."

ஆசீர்வாதம் குனிந்து கேட்டார். "நல்லா கேட்டீங்களாம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? இது வேற யாரோ, பாவம். எம் புள்ள இங்க இல்ல."

அப்புறம் அந்தம்மா அழ ஆரம்பித்தார். "சண்டைக்குப் போன எம் புள்ளயக் கொண்டாந்து வுடு சாமின்னு கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது சீட்டு எழுதிக் கட்டியிருந்தேன். செத்துட்டான்னு ஒங்க காயிதம் வந்ததும், போயி அந்தப் பிராத வாபஸ் வாங்கிட்டேன். நாலு வருஷமா அவன சாமியும் தேடலியேப்பா."