கதவு கழற்றிய கூடம்

மனைவி சுகாயோவின் சாவுக்காகக் கழற்றிய கதவுகளை ஹோசுமி கிஹெய் திரும்ப மாட்டவே இல்லை. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமென்று, நான்கு அறைகளுக்கு நடுவே இருந்த காகிதத் தள்ளுகதவுகளைத் தூக்கிக் கொட்டகையில் சாய்த்தார்கள். சுவா ஊர்ப்பக்கம் எந்த வீட்டிலும் செய்வதுதான். காரியம் முடிந்த கையோடு மாட்டிவிடுவார்கள். இவர் வீட்டில் மூன்று குளிர்காலம் போய்விட்டது. பாய்கள் நைந்ததும் அவற்றையும் எடுத்துப்போட்டார். வெறும் பலகைத் தரை மிஞ்சியது.

கேஸ் மீட்டர் பார்க்கும் வேலையில் வீடுவீடாக ஏறி இறங்கிய மனிதர். பேச்சு குறைவு, பாட்டு அதிகம். கல்யாணமான புதிதில் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயரை விட மனமில்லை. அதற்கோ சக்தி சொற்பம். சின்ன அறையில் கணீரென்று கேட்ட பழைய ஸ்பீக்கர் இந்த மைதானத்தில் ஈனசுரத்தில் முனகியது. கொஞ்சம் மின்சாரத்திலேயே உரக்கப் பாடுகிற ஸ்பீக்கர் வேண்டுமென்று கடைக்காரர் ஷிராகியை வரவழைத்தார்.

ஷிராகி நடுக்கூடத்தில் நின்று கைதட்டினார். சத்தம் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது.

"ஹோசுமி சான், கதவை மாட்டிடுங்களேன். ஒரு அறைக்குன்னா முழங்கால் உசரப் பெட்டி போதும். இப்படித் திறந்தே கிடந்தா, குழல் வாய் வச்ச பீரோ கணக்கா ரெண்டு வேணும்."

"பெருசே கொண்டாங்க. எட்டுப் பத்துப் பேர் வருவாங்க."

"பாட்டு கேக்கவா?"

"பின்னே, மீட்டர் பாக்கவா?"

ஷிராகி சிரித்தார். கூடத்தில் உட்காரக் கிடந்த ஒற்றைச் சின்ன மெத்தையைப் பார்த்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை கொண்டாரேன், கேட்டுப் பாத்து எடுத்துக்கலாம். எல்லாரையும் வரச் சொல்லிடுங்க. ஆளுங்க உக்காந்தாத்தான் எதிரொலி அடங்கும்."

ஞாயிறன்று பெட்டிகள் வந்து நின்றன. எதிரே எட்டு மெத்தைகள். தேநீர் ஆறியது. கிஹெய் மறுபடி சுடவைத்தார்.

"நேரமாகுதே?" என்றார் ஷிராகி.

"பனி பெய்யுதில்ல."

"எங்க பெய்யுது? வெயில் கண்ணைக் குத்துது."

"மலைப்பக்கம் பெய்யும்."

மூன்றாவது கோப்பையில்தான் கிஹெய் விஷயத்தைச் சொன்னார். "யாரையும் கூப்பிடல, ஷிராகி. கூப்பிட ஆளில்ல. அன்னிக்கு வந்த கூட்டந்தான் கடைசி. கதவை மாட்டினா வந்தவங்க எல்லாம் போயாச்சுன்னு ஆயிடும்."

"போயிட்டாங்கதானே..." என்று சொல்லிவிட்டு ஷிராகி நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாங்க, மாட்டிடலாம். சின்னப் பெட்டியும் வண்டியிலதான் இருக்கு."

கிஹெய் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து கொட்டகையைப் பார்க்க நடந்தார்.

சாய்த்துவைத்த கதவுகள் ஈரம் குடித்து வில்லாக வளைந்திருந்தன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பார்த்தார்கள். மேல் பள்ளத்தில் நுழைந்தது, கீழே துருத்திக்கொண்டு நின்றது. ஷிராகி தோளைக் கொடுத்து அழுத்தியதில் ஒன்று சட்டத்தோடு முறிந்தது.

"விடுங்க," என்றார் கிஹெய். "பெருசே இருக்கட்டும்."

"ஒத்தை ஆளுக்கு இது..."

"தெரியும்."

கிஹெய் இசைத்தட்டைச் சுழலவிட்டார். பழைய ஆம்ப்ளிஃபயருக்கு இப்படி ஒரு குரல் இருந்ததா என்று தோன்றியது. பாட்டு நான்கு அறைகளையும் நிரப்பிக்கொண்டு போனது. போன வேகத்தில் சுவரில் பட்டுத் திரும்பி, அடுத்த வரியின் மேல் விழுந்தது.

ஷிராகி ஒரு மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார். எதிரொலி கொஞ்சமும் குறையவில்லை.