எச்சில் வாளியின் எடை

சேலையூரில் ஆண் பிள்ளைகள் விடுதி ஒன்றில் பதினாறு வருடமாகச் சமைக்கிறவர் ரத்தினபாய். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே வந்தது. வாரம் மூன்று நாள் அரிசிக்குப் பதில் சாமை, பக்கத்து ஊர் விவசாயிகளிடம் வாங்கும் கீரை, வீணாகும் சோற்றைப் பாதியாகக் குறைப்பது என்று ஒரு திட்டம். நடப்பதை எல்லாம் எழுதிக்கொள்ள ஸ்நேகா என்ற பெண் கீழ்க்கட்டளையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்.

முதல் மாதம் படுதோல்வி. நிறுவனத்தின் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அளவுப்படி பதினொரு மணிக்கு வடித்த சாமை, பையன்கள் சாப்பிட உட்காரும்போது உதிரி உதிரியாகக் காய்ந்திருக்கும். எச்சில் வாளியைத் தராசில் வைத்தால் இருபத்திரண்டு கிலோ. அதைப் பார்க்கவே ரத்தினபாய்க்கு அவமானமாக இருந்தது. யாரும் சொல்லாமலே வழி தேடினார். தண்ணீரைக் கூட்டிக் குழைய வேகவைத்து, சூட்டோடு சாம்பாரைக் கலந்தார். முதலில் அரைக் கரண்டிதான், கேட்டால் மறுபடி என்று பரிமாறும் முறையை மாற்றினார். பொரியலை ஒதுக்குகிறார்கள் என்று கீரையை அடைமாவில் சேர்த்தார். ஐந்தாம் மாதம் வாளி ஆறு கிலோவுக்கு இறங்கியது.

இதையெல்லாம் ஸ்நேகாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள், அக்கா அக்கா என்று பின்னாலேயே திரிவாள். ஒரு நாள் ரத்தினபாய் மனம்விட்டுச் சொன்னார். "ஆரம்பத்துல இத யாரும் தின்ன மாட்டாங்கன்னு நானே சொன்னேன். அத மட்டும் எழுதிடாத."

ஸ்நேகா தலையாட்டினாள்.

திட்டம் முடிந்ததும் தாம்பரத்தில் ஒரு ஹாலில் கூட்டம் போட்டார்கள். ரத்தினபாய் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனார். திரையில் 'சந்தித்த தடைகள்' என்று தலைப்பு வந்தது. கீழே, கரண்டியோடு சிரிக்கும் அவர் படம். 'இதை யாரும் தின்ன மாட்டார்கள்: விடுதிச் சமையலர்.' அடுத்து அந்த ஆறு கிலோ வந்தது. காரணம், நிறுவனம் கொடுத்த இரண்டு நாள் பயிற்சியாம். கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த வார்டன் ஜீவானந்தம் சாரும் தட்டினார். வாளி எப்படி இறங்கியது என்று அவருக்கு எல்லாம் தெரியும்.

டீ கொடுக்கும் இடத்தில் ரத்தினபாய் ஸ்நேகாவைப் பிடித்தார்.

"நான் பண்ணது எதுவும் அதுல இல்லயே."

"முழுசாதான் எழுதினேன்க்கா. மேல சுருக்கிட்டாங்க."

"படத்தயும் அவங்களா எடுத்தாங்க?"

ஊரில் இருக்கும் ரத்தினபாயின் மகளுக்கு அனுப்பலாம் என்று சொல்லி ஸ்நேகா எடுத்த படம் அது. ரத்தினபாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து ஜென்சி என்ற சமையல்காரப் பெண் யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் செய்தாள். அவள் வேலை செய்யும் விடுதியிலும் அதே நிறுவனம், அதே அளவு; சாமை காய்ந்துபோகிறது என்றாள். ரத்தினபாய் தண்ணீர் அளவு, அரைக் கரண்டி, அடை எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். பிறகு, எழுதிக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று கேட்டார்.

"ஜெரூஷான்னு ஒரு பொண்ணு வருதுக்கா. ரொம்ப நல்ல பொண்ணு."

ரத்தினபாய் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நல்ல பொண்ணாத்தான் இருக்கும். சாப்பாடு போடு. ஒண்ணும் சொல்லாத."