பலகைக்கு அடியில் ஒச்சாயி

எழுமலைக்கு மேற்கே தோட்டத்தில் குடியிருந்த ஒச்சாயிக்கு ஒரு வேலையை முடித்துவிட்டு உட்காரத் தெரியாது. சோறு வடிக்கும்போதே கண் வாசலுக்குப் போய்விடும். எருமை வாங்கினாள், விற்றாள். தையல் மிஷின் வாங்கி, இரண்டே மாதத்தில் நாத்தனார் பாண்டியம்மாளிடம் கொடுத்துவிட்டாள். 1979 மார்கழியில் மதுரையிலிருந்து இருநூறு கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து இறங்கினாள். முந்தின நாள் பொரித்த வெள்ளைக்கோழிக் குஞ்சுகள்.

புருஷன் விருமாண்டி பெட்டியை எட்டிப் பார்த்தார். "இம்புட்டையும் யாரு பாக்குறது?"

"நாந்தேன்."

பனி போகட்டும், மாசியில் வாங்கு என்று உசிலம்பட்டி கால்நடை ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

பருத்தி வைக்கும் கொட்டகை காலியாகக் கிடந்தது. கரையானுக்குப் பயந்து, முழங்கால் உயரக் கல்லுக்கால்கள் மேல் பலகை அடித்துக் கட்டியது. பலகையில் உமியைப் பரப்பி, தகரத்தால் வளைத்து, சூட்டுக்குப் பல்புகளைத் தொங்கவிட்டாள்.

மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே குவியலாகக் கிடந்தன. பிரித்துப் பிரித்து எடுத்தாள். அடியில் இருந்தவை நசுங்கிச் செத்திருந்தன. பல்பு என்னவோ நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. உமியை விலக்கிப் பலகையில் கை வைத்தாள். சில்லிட்டது. மலைக்காற்று கல்லுக்கால்களுக்கு நடுவே புகுந்து, பலகை இடுக்குகளில் ஏறிக்கொண்டிருந்தது.

அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. வைக்கோலை அள்ளி அள்ளிக் கொட்டகைக்கு அடியில் திணித்தாள். மறுநாள் இன்னும் பதினாலு செத்தன. குனிந்து பார்த்தாள். வைக்கோல் அமுங்கி, பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காற்று அதில் சுகமாகப் போய்வந்தது.

"விட்டுத் தொல," என்றார் விருமாண்டி. "மனுசனே நடுங்குறான்."

"மாசியிலதேன் வாங்கச் சொன்னாக. நாந்தேன் பொறுக்கல," என்றாள் ஒச்சாயி. சொல்லும்போதே எழுந்துவிட்டாள்.

சாக்குகளில் கடலைத் தொலியை நிரப்பித் தைத்தாள். வைக்கோலை இழுத்துப் போட்டுவிட்டு, மல்லாந்து படுத்துக் கொட்டகைக்கு அடியில் நகர்ந்தாள். சாக்கைப் பலகையின் அடிப்பக்கத்தோடு ஒட்டி அழுத்தி, பிளந்த மூங்கில் சிம்பைக் குறுக்கே கொடுத்து ஆணி அடிக்க வேண்டும். சுத்தியலை ஓங்க இடமில்லை. கண்ணில் தூசி கொட்டியது. முகத்துக்கு நேர் மேலே குஞ்சுகளின் கால்கள் பரபரவென்று ஓடின.

வெளியிலிருந்து சாக்கு தள்ளிய பாண்டியம்மாள், "வெளிய வாங்க மதினி, தேளு கீளு இருக்கும்," என்றாள்.

"இருந்தா இருந்துட்டுப் போகுது. அடுத்ததத் தள்ளு."

மூன்றாவது சாக்கை அடிக்கும்போது தேள் கொட்டியேவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் விருமாண்டி ஓடிவந்தார். இடதுகை வீங்கியிருந்தது. "வெளிய வாடி!" என்றார். அவள் வலதுகையால் சாக்கைத் தாங்கிப் பிடித்தபடியே கிடந்தாள். விட்டால் சரிந்துவிடும்.  அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கமாக உள்ளே ஊர்ந்தார்.

"ஆணியக் குடு."

அந்தச் சாக்கை அடித்த பிறகுதான் அவள் வைத்தியரிடம் போகச் சம்மதித்தாள். மிச்சத்தை அவரும் பாண்டியம்மாளும் அடித்தார்கள். காற்றுவரும் பக்கம் தட்டி கட்டி மண் பூசினார்கள்.

மறுநாள் காலையில் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தால், குஞ்சுகள் தகரவளையம் முழுக்கப் பரவி, கால் நீட்டிக் கிடந்தன. எல்லாம் செத்துவிட்டன என்றே ஒச்சாயி நினைத்தாள். கதவைத் தள்ளியதும் அத்தனையும் எழுந்து ஓடின. உமியை விலக்கிக் கை வைத்தாள். பலகை கதகதவென்று இருந்தது.

நூற்றைம்பது குஞ்சு பிழைத்தது. அடுத்த கூட்டத்தை மாசிக்குப் பிறகே வாங்குவது என்று அவளே முடிவு செய்தாள். ஆனால் அதுவரை வாரம் தவறாமல் உசிலம்பட்டி கால்நடை ஆபீசுக்கு பஸ் ஏறினாள். "இப்ப வாங்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள்.